யொசெ-உவெ: தட்டில் வளரும் காட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஒரே தட்டில் 5, 7, 11 என்று சிறு மரங்களை நட்டு, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு காடே தெரியும்படி வளர்க்கும் பொன்சாய் முறை ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் யொசெ-உவெ. தமிழில் எழுதுகிறவர்கள் ‘குழு நடவு’ என்கிறார்கள், அல்லது ‘காடு வகைப் பொன்சாய்’ என்கிறார்கள். இரண்டும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுதியவை. மூலச்சொல் இதைவிட நுட்பமானது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் தமிழில் இன்னும் பொருத்தமான சொல் கிடைக்கும், அந்தச் சொல் மரம் நடும் கைக்கும் வழிகாட்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் பொன்சாய். ‘பொன்’ என்றால் ஆழமில்லாத தட்டு, ‘சாய்’ என்றால் நட்டு வளர்த்தல். நம்முடைய பொன்னுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் முதல் எழுத்து குறிலாகவே ஒலிப்பதால் ‘போன்சாய்’ என்பதைவிடப் ‘பொன்சாய்’ என்று எழுதுவதே மூல ஒலிக்கு நெருக்கம். சொல்லும் கலையும் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனவை. கி.பி. 706-ஐச் சேர்ந்த சீன இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், குட்டிப் பாறையும் செடியும் வைத்த தட்டை ஏந்தி நிற்கும் பணியாளரை இன்றும் பார்க்கலாம். பொன்சாய்க்குத் தமிழில் ‘குறுமரம்’ என்ற சொல் போதும். ‘குட்டை மரம்’ வேண்டாம். குட்டை ரகம் என்றால் பிறவியிலேயே குட்டையாக இருப்பது. பொன்சாய் மரம் அப்படியில்லை. அதே விதையைத் திறந்த மண்ணில் போட்டால் முழு உயரத்துக்கு வளர்ந்துவிடும்.

சரி, யொசெ-உவெக்கு வருவோம். ‘உவெ’ என்பது நடுதல். சுவையெல்லாம் ‘யொசெ’யில்தான் இருக்கிறது. ‘யொசெரு’ என்ற வினைக்கு அருகே கொண்டுவருதல், ஒன்றுசேர்த்தல் என்று பொருள். அலை கரையை நோக்கி நெருங்கி வருவதற்கும் இதே வினைதான். வெவ்வேறு நிற மரத்துண்டுகளைப் பொருத்திப் பெட்டி செய்யும் கைவினைக்கு ‘யொசெகி’ என்று பெயர். அங்கேயும் இதே யொசெ. அதாவது, தனித்தனியாக இருப்பவற்றை, ஒன்றோடொன்று பேசும் தூரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. சொல்லில் ‘காடு’ என்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே தொட்டியில் பல பூச்செடிகளைச் சேர்த்து வைப்பதைக்கூட ஜப்பானில் யொசெ-உவெ என்றுதான் சொல்கிறார்கள். சீனர்கள்தான் இந்த வகையைத் தோற்றத்தை வைத்து ‘சோங்லின்’, அடர்காடு, என்று அழைக்கிறார்கள். ஒரு மொழி செயலைப் பெயராக்கியது, இன்னொரு மொழி காட்சியைப் பெயராக்கியது. தமிழுக்கு இரண்டும் தேவைப்படும்.

‘குழு நடவு’ ஏன் எனக்கு ஒட்டவில்லை? குழு என்றால் ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள். குழுவாகச் சேர்ந்து நடவு செய்கிறார்கள் என்றும் பொருள் படும். ‘அடர் நடவு’ என்றால் மகசூலுக்காக நெருக்கி நடும் விவசாய முறை. ‘குறுங்காடு’ அழகான சொல்தான். ஆனால் ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறைப்படி தரையில் பலவகை மரங்களை நெருக்கமாக நட்டு வளர்க்கும் காட்டுக்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. அதைத் திரும்பப் பிடுங்குவது நியாயமில்லை.

‘தோப்பு’ என்னை நெடுநாள் இழுத்துப் பிடித்தது. பகுதி பாதியானது போல, மிகுதி மீதியானது போல, தொகுப்பு தோப்பானது என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் யொசெவும் தோப்பும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. தோப்பு மனிதர் நட்டது, பெரும்பாலும் ஒரே வகை மரம். தட்டில் வைப்பதும் அப்படித்தான். பின் ஏன் விட்டேன்? வரிசையால். தோப்பு என்றதும் சம இடைவெளியில் நேர்வரிசையாக நிற்கும் மரங்களே மனதில் எழுகின்றன. யொசெ-உவெயில் செய்யவே கூடாத ஒன்று உண்டென்றால், அது வரிசைதான்.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் புரியும். முதன்முதலாக 7 மேப்பிள் கன்றுகளை நட்டபோது முன்னாலிருந்து பார்த்து, ஒரு தண்டு இன்னொன்றை மறைக்காதபடி அமைத்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அப்புறம் தட்டைக் கால்வட்டம் திருப்பினேன். மூன்று தண்டுகள் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் நின்றன. காடு மறைந்து வேலி தெரிந்தது. ஒரு கன்றை இரண்டு விரல் அளவு பின்னால் நகர்த்தியதும் மறுபடி காடு வந்துவிட்டது. அந்த இரண்டு விரலில்தான் மொத்தக் கலையும் இருக்கிறது என்று அன்று தோன்றியது, இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

அமைப்பு ஒரு மரத்திலிருந்து தொடங்குகிறது. உயரத்திலும் தண்டுப் பருமனிலும் முதலாவதான மரம் தலைமரம். தட்டின் நடுவில் அதை வைப்பதில்லை. ஒரு பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்கிறார்கள். இரண்டாவது மரம் தலைமரத்துக்கு நெருக்கமாக வரும், மூன்றாவது சற்று விலகும். மற்றவை பருமன் குறையக் குறைய ஓரத்துக்கும் பின்னுக்கும் போகும். மெல்லிய தண்டு பின்னால் நிற்கும்போது கண் அதைத் தூரமாக எண்ணிக்கொள்கிறது. ஒரு சாண் அகலத் தட்டில் கிடைக்கும் ‘தொலைவு’ அப்படி வந்ததுதான். எந்த இரண்டு மரத்துக்கும் இடையே ஒரே இடைவெளி திரும்பி வரக்கூடாது. ஓர மரங்கள் வெளிச்சம் தேடி வெளிப்பக்கம் சற்றே சாயும், தாழ்ந்த கிளைகள் அவற்றுக்கு வெளிப்புறம் மட்டுமே. உள்மரங்களுக்குக் கீழ்க்கிளை தேவையில்லை. உண்மையான காட்டில் நிழலில் நிற்கும் மரம் கீழ்க்கிளையை உதிர்த்துவிடுகிறது அல்லவா, அதேதான்.

வேர்ப்பாடுதான் பொறுமையைக் கேட்கும். மொட்டு விரியும் முன், வசந்தத்தின் தொடக்கத்தில் கன்றை எடுத்து, வேர்க்கொக்கியால் பழைய மண்ணைச் சீவி, கீழ்நோக்கிய தடித்த வேர்களை வெட்டி, வேர்ப்பந்தைத் தோசைக்கல் போலத் தட்டையாக்க வேண்டும். ஆழமற்ற தட்டில் அது தானாக நிற்காது. தட்டின் துளைகள் வழியே கம்பி விட்டுக் கட்டுவார்கள், அல்லது குறுக்கே குச்சி வைத்து வேர்களை அதோடு பிணைப்பார்கள். மெல்லிய குச்சியால் மண்ணை வேர்களுக்கிடையே குத்திக் குத்தி இறக்கும்போது ஒரு கட்டத்தில் குச்சி எதிர்த்து நிற்கும். உள்ளே வெற்றிடம் தீர்ந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். கடைசியில் தட்டின் அடியிலிருந்து தெளிந்த நீர் வரும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு நான் முன்வைக்கும் சொல் ‘தொகைநடவு’. தொகு என்றால் சேர். கூட்டு, கலவை என்பவற்றில் சேர்ந்தவை தம் உருவை இழக்கின்றன. தொகையில் அப்படியில்லை. குறுந்தொகை என்று சொல்லும்போது, 4 முதல் 8 அடி வரையான தனித்தனிப் பாடல்களை அளவு பார்த்து ஒன்றாக அடுக்கியது என்று பொருள். ஒவ்வொரு பாட்டும் தனியாக நிற்கிறது, ஆனால் அடுத்ததோடு சேர்ந்து ஒரு நிலத்தைக் காட்டுகிறது. தலைமரம், துணைமரம், ஓரமரம் என்று அளவு பார்த்து அடுக்குவதும் இதே வேலைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. என்னை உறுதியாக்கியது அதுதான். இலக்கணத்தில் தொகுத்தல் என்றால் குறைத்தல், சுருக்குதல். செய்யுளில் ‘சிறிய இலை’ என்பது ‘சிறியிலை’ என்று வருவதைத் தொகுத்தல் விகாரம் என்பார்கள். சேர்ப்பதும் சுருக்குவதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. இலையைச் சிறிதாக்கி, மரத்தைச் சுருக்கி, பிறகு பலவற்றைச் சேர்க்கும் கலைக்கு இதைவிடப் பொருந்தும் வினை எனக்குத் தெரியவில்லை. ஜப்பானியச் சொல்லில்கூட இந்த இரண்டாம் பொருள் கிடையாது.

நட்டு முடித்து, பாசி படர்ந்து, பார்க்கக் கிடைக்கும் பொருளுக்குத் ‘தட்டுக்காடு’ என்ற பெயர் போதும். “தொகைநடவு செய்தேன்”, “தட்டுக்காடு வைத்திருக்கிறேன்”. செயலுக்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று.

எல்லாத் தட்டுக்காடும் தொகைநடவில் வந்ததில்லை என்பதால் இந்தப் பிரிப்பு உண்மையிலேயே உதவும். ‘இகாடாபுகி’ என்றொரு வகை. இகாடா என்றால் தெப்பம். ஒரு மரத்தைப் படுக்கவைத்துத் தண்டை மண்ணில் புதைப்பார்கள். மேல்நோக்கிய கிளைகள் ஒவ்வொன்றும் தனி மரம் போல எழும். பார்த்தால் காடு, உள்ளே ஒரே உயிர். இதைத் தெப்பவகை என்று சொல்லலாம். ‘கபுடாச்சி’ ஒரே அடியிலிருந்து பல தண்டு கிளம்புவது. மூங்கிலுக்கு நாம் சொல்லும் தூர் என்ற சொல்லே இதற்குச் சரி. இவை தட்டுக்காடுகள், ஆனால் தொகைநடவுகள் அல்ல.

பராமரிப்பில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நிழல். உச்சிகள் வேகமாகக் கிளைத்து மேலே கூரை போட்டுவிடும், உள்ளே நிற்கும் சின்ன மரம் சத்தமில்லாமல் காயும். என் தட்டில் மூன்றாவது கோடையில் பின்வரிசைக் கன்று ஒன்று அப்படிப் போனது. மேல்முனைகளைக் கிள்ளாமல் விட்டது என் தவறு. பிடுங்கப் போனால் மற்ற ஆறும் சேர்ந்து அசைந்தன. அதற்குள் ஏழு வேர்களும் பின்னி ஒரே பாயாகிவிட்டன. அதனால் காய்ந்ததை அடியோடு அறுத்துவிட்டு வேரை அங்கேயே விட்டேன். மண் மாற்றும்போதும் மரங்களைப் பிரிப்பதில்லை. பாயைப் பாயாகவே தூக்கி, ஓரத்தையும் அடியையும் மட்டும் வெட்டி மறுபடி வைக்கிறார்கள்.

தொகைநடவில் உலகம் அறிந்த ஒன்று அமெரிக்கப் பொன்சாய்க் கலைஞர் ஜான் நாகா 1948-இல் இரண்டு ஜூனிப்பர் மரங்களோடு தொடங்கிய ‘கொஷின்’. பேரப்பிள்ளைக்கு ஒரு மரம் என்று சேர்த்துக்கொண்டே போய் 11 மரமானது. இன்று அது வாஷிங்டனில் உள்ள தேசிய பொன்சாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆன்மாவைக் காப்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள்.

எண்ணிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால் ‘ஐம்மரத் தொகை’, ‘எழுமரத் தொகை’ என்று சொல்லலாம். ஒற்றைப்படையே வழக்கம். இரட்டைப்படையில் மரங்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து கண்ணை உறுத்தும்; போதாததற்கு நான்கைக் குறிக்கும் ‘ஷி’ என்ற ஒலி ஜப்பானிய மொழியில் சாவையும் குறிக்கும். 11-ஐத் தாண்டிவிட்டால் பார்ப்பவர் கண் எண்ணுவதை விட்டுவிடுகிறது. அங்கிருந்து எண் வேண்டாம், ‘தொகை’ என்றாலே போதும்.