மக்‌ஷாட்டை எடுக்குறதுக்கு முன்னாடி கேஸ் பேப்பரை எடுத்து வைங்க

"மேடம், கூகுள்ல என் பேரை அடிச்சா போலீஸ் எடுத்த போட்டோ வருது, எவ்ளோ செலவானாலும் பரவால்ல, முதல்ல அதை எடுத்துக் குடுங்க." நான் அமெரிக்காவுல, டெக்சாஸ் மாநிலத்துல டாலஸ் பக்கம் கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீலா இருக்கேன், நம்ம ஆளுங்க கிட்ட இருந்து வர்ற போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அவங்க பதட்டம் எனக்கு நல்லாப் புரியுது. ஆபீஸ்ல யாராவது பாத்துட்டா, ஊர்ல மாமனார் பாத்துட்டா, பொண்ணு பாக்குற வீட்டுல தேடிப் பாத்துட்டான்னு ராத்திரி தூக்கமே இருக்காது. ஆனா அந்த போட்டோவைத் துரத்திக்கிட்டே போறதுல பல பேர் அதைவிட பெரிய விஷயத்தைக் கோட்டை விட்டுடறாங்க, அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த போட்டோ எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. அரெஸ்ட் பண்ணி ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனதும் புக்கிங்னு ஒண்ணு நடக்கும், பேர், பிறந்த தேதி, என்ன குற்றச்சாட்டு, பத்து விரல் ரேகை, ஒரு போட்டோ. அந்த போட்டோவைத்தான் மக்‌ஷாட்னு சொல்றாங்க. இங்க பல மாநிலத்துல அது பொது ஆவணம், கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் ஆபீஸ் வெப்சைட்லயே ஜெயில் லிஸ்ட் போட்டிருப்பாங்க. அதை சாஃப்ட்வேர் வச்சு தினமும் அள்ளிட்டுப் போய் போடுறதுக்குன்னே சைட்டுங்க இருக்கு. கேஸ் மூணே மாசத்துல தள்ளுபடி ஆனாலும் அந்தப் பக்கத்தை யாரும் திருத்த மாட்டாங்க, அரெஸ்ட் ஆன அன்னிக்கு என்ன எழுதியிருந்துச்சோ அதேதான் நிக்கும்.

எல்லா ஊர்லயும் இப்படி இல்ல. நியூயார்க் 2019லயே போலீஸ் தேவையில்லாம மக்‌ஷாட்டை வெளியிடறதை நிறுத்திடுச்சு. கலிஃபோர்னியால 2022 ஜனவரியில இருந்து வன்முறை இல்லாத கேஸ்ல போலீஸ் சோஷியல் மீடியாவுல போட்டோ போடக் கூடாது. டெக்சாஸ்ல அந்த அளவுக்கு பாதுகாப்பு கிடையாது.

காசு கேக்குற சைட் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். குடுக்காதீங்க. ஒரு சைட்டுக்குக் குடுத்தா அதே போட்டோ இன்னும் நாலு சைட்ல இருக்கும், அவங்களுக்கும் குடுப்பீங்களா? 2018ல கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் இப்படி ஒரு பெரிய சைட் நடத்துன நாலு பேர் மேல மிரட்டிப் பணம் பறிச்சதா கேஸே போட்டாரு, மூணு வருஷத்துல நாடு முழுக்க 20 லட்சம் டாலருக்கு மேல வாங்கியிருக்காங்கன்னு குற்றச்சாட்டு. ஃப்ளோரிடால எடுக்குறதுக்குக் காசு கேக்கவே கூடாது, ரெஜிஸ்டர்ட் மெயில்ல கேட்டா 10 நாள்ல எடுக்கணும். டெக்சாஸ்லயும் காசு வாங்குற சைட்டுங்களுக்குன்னு 2013ல சட்டம் வந்துச்சு, கோர்ட் உங்க ரெக்கார்டை அழிக்க ஆர்டர் போட்டதை நீங்க தெரிவிச்ச அப்புறமும் போட்டு வச்சிருந்தா ஒரு நாளைக்கு 500 டாலர் வரைக்கும் அபராதம். கூகுள்லயும் எடுக்குறதுக்குக் காசு கேக்குற சைட்டுங்களுக்குன்னே தனி ரிக்வெஸ்ட் ஃபார்ம் இருக்கு, தேடல்ல இருந்து அந்தப் பக்கத்தைத் தூக்கச் சொல்லிக் கேக்கலாம், இலவசம்.

இப்ப கவனிங்க, இதுல முக்கால்வாசி கையில கோர்ட் ஆர்டர் இருந்தாதான் சுலபமா நடக்கும். அதனால ரெக்கார்டைத்தான் முதல்ல பாக்கணும், போட்டோ அப்புறம்.

ரெக்கார்ட் ஒரே இடத்துல இருக்காது. அரெஸ்ட் பண்ண போலீஸ் கிட்ட ஒண்ணு, கவுன்ட்டி ஜெயில்ல ஒண்ணு, கோர்ட் கிளார்க் கிட்ட கேஸ் ஃபைல், மாநிலத்துல டிபிஎஸ்ங்கிற பொதுப் பாதுகாப்புத் துறை கிட்ட ஒண்ணு, அங்கேர்ந்து எஃப்பிஐக்கு விரல் ரேகையோட ஒண்ணு, இதுக்கெல்லாம் மேல பேக்ரவுண்ட் செக் கம்பெனிங்க வாங்கி வச்சிருக்குற காப்பி. தேடுறவங்க முதல்ல கவுன்ட்டி கோர்ட் போர்ட்டல்ல பேரும் பிறந்த தேதியும் போட்டு கேஸ் நம்பரைக் கண்டுபிடிங்க, நம்ம பேருல இனிஷியல் எது சர்நேம் எதுன்னு போலீஸ் குழப்பியிருப்பாங்க, அதனால முன்னபின்ன மாத்திப் போட்டும் பாருங்க. அப்பா பேர்ல உங்க கேஸ் இருந்ததை எல்லாம் நான் பாத்திருக்கேன். அடுத்தது எஃப்பிஐ, 18 டாலரும் விரல் ரேகையும் குடுத்தா உங்க ஹிஸ்டரியை உங்களுக்கே அனுப்புவாங்க. அதை ஒரு தடவை வாங்கிப் பாத்துடுங்க. கேஸ் தள்ளுபடி ஆயிருக்கும், ஆனா அங்க முடிவு ஏறாம வெறும் அரெஸ்ட் மட்டும் நிக்கிறது ரொம்ப சாதாரணம்.

வேலைக்கான பேக்ரவுண்ட் செக்ல, தண்டனை ஆகாத அரெஸ்ட் 7 வருஷத்துக்கு மேல ஆயிருந்தா காட்டக் கூடாதுன்னு ஃபெடரல், அதாவது மத்திய அரசு சட்டம் இருக்கு, ஆனா சம்பளம் வருஷத்துக்கு 75,000 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஐடியில இருக்குற நம்ம ஆளுங்க பாதிப் பேர் இதுலயே வெளிய போயிடுவாங்க. ரிப்போர்ட்ல தப்பா இருந்தா அந்த பேக்ரவுண்ட் செக் கம்பெனி கிட்ட டிஸ்ப்யூட் (தப்புன்னு ஆட்சேபணை) போடுங்க, பொதுவா 30 நாள்ல சரிபாத்துச் சொல்லணும்.

அழிக்கிறது எப்படின்னா, டெக்சாஸ்ல ரெண்டு வழி. எக்ஸ்பங்ஷன்னா ரெக்கார்டே போயிடும், நான்டிஸ்குளோஷர்னா பொதுமக்கள் பார்வையில இருந்து மட்டும் மறைக்கும். விடுதலை ஆனவங்க, சார்ஜே போடாம விட்டவங்க, டிஸ்மிஸ் ஆன பலபேர் முதலாவதுக்குப் போலாம், கேஸைப் பொறுத்து காத்திருக்குற காலம் மாறும். டிஃபர்ட் அட்ஜுடிகேஷன், அதாவது குற்றத்தை ஒத்துக்கிட்டு, கோர்ட் தீர்ப்பைத் தள்ளி வச்சு சொல்ற நிபந்தனைகளை முடிச்சா கேஸ் டிஸ்மிஸ் ஆகுற ஏற்பாடு, எடுத்தவங்களுக்கு, கிளாஸ் சிங்கிற ரொம்பச் சின்ன கேஸ் தவிர, பொதுவா ரெண்டாவதுதான்.

இங்கதான் நம்ம வீடுகள்ல பெரிய அடி விழுது. புருஷன் பொண்டாட்டி சண்டை, கோவத்துல யாரோ போலீஸ் அவசர நம்பர் 911ஐக் கூப்பிடுறாங்க, போலீஸ் வந்தா பெரும்பாலும் ஒருத்தரைக் கூட்டிட்டுத்தான் போவாங்க. மறுநாள் காலையில அந்தப் பொண்ணு அழுதுகிட்டே போன் பண்ணி "கேஸ் வேணாம், வாபஸ் வாங்கிக்கிறேன்"னு சொல்லும், ஆனா இங்க கேஸ் அரசாங்கத்தோடது, வாபஸ் வாங்குறது அவங்க கையில இல்ல. அப்புறம் டிஃபர்ட் எடுத்துக்கோங்க, ஒரு வருஷம் கிளாஸ் போங்க, கேஸ் டிஸ்மிஸ் ஆயிடும்னு ஆஃபர் வரும். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா டெக்சாஸ்ல ஃபேமிலி வயலன்ஸ் கேஸ்ல டிஃபர்ட் எடுத்தா அதை நான்டிஸ்குளோஷர் கூட பண்ண முடியாது, ஆயுசுக்கும் நிக்கும். அதோட குற்றத்தை ஒத்துக்கிட்டு கோர்ட் ஏதாவது ஒரு கட்டுப்பாடு போட்டாலே இமிக்ரேஷன் சட்டத்துல அது தண்டனைதான், மாநிலம் டிஸ்மிஸ்னு சொன்னாலும் சரி. கிரீன் கார்ட் இருக்குறவங்களையே நாடு கடத்துற பட்டியல்ல இந்தக் குற்றம் இருக்கு. 2010ல படில்லா வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு, குற்றத்தை ஒத்துக்கச் சொல்றதுக்கு முன்னாடி நாடு கடத்துற ஆபத்தை வக்கீல் சொல்லியே ஆகணும்னு. உங்க வக்கீல் சொல்லலைன்னா நீங்க கேளுங்க, இமிக்ரேஷன் வக்கீலையும் கூட உக்கார வச்சுக் கேளுங்க, கையெழுத்து போட்ட அப்புறம் எங்க கிட்ட வந்தா எங்களால பண்ண முடியறது ரொம்பக் கம்மி.

தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வரேன். எக்ஸ்பங்ஷன் ஆர்டர் வந்துட்டா கோர்ட் ஃபைலே இருக்காது, கிளார்க் கிட்ட போய் நின்னா அப்படி ஒரு கேஸே இல்லைன்னுதான் சொல்வாங்க. சட்டப்படி அதுதான் சரி, வெளிய யார் கேட்டாலும் அரெஸ்ட் ஆகலைன்னு நீங்க சொல்லலாம். ஆனா குடியுரிமைக்கான என்-400 ஃபார்மும் விசாவுக்கான டிஎஸ்-160யும் எப்பவாவது அரெஸ்ட் ஆனீங்களான்னு கேக்கும், அழிச்சிருந்தாலும் சொல்லணும், ஏன்னா அது ஃபெடரல். சொன்ன உடனே சர்ட்டிஃபைட் காப்பி கேப்பாங்க. ஃபைலை அழிச்சுட்டு அப்புறம் எங்க போய் வாங்குவீங்க? அதனால மனு போடுறதுக்கு முன்னாடியே சார்ஜ் பேப்பர், போலீஸ் ரிப்போர்ட், டிஸ்மிசல் ஆர்டர் எல்லாத்தையும் சீல் போட்டு ரெண்டு மூணு செட் வாங்கி வச்சுடுங்க, எக்ஸ்பங்ஷன் ஆர்டர் வந்ததும் அதோட காப்பியும் சேத்துக்கோங்க.

குடிச்சுட்டு ஓட்டுன கேஸ்னா இன்னொண்ணும் இருக்கு. அரெஸ்ட் ஆனாலே, கேஸ் முடியாமலே, விசாவை ரத்து பண்ணி ஈமெயில் அனுப்பலாம். பதறாதீங்க, விசா போனா இங்க இருக்குற ஸ்டேட்டஸ் அதனால மட்டும் போகாது, ஆனா ஊருக்குப் போனா சென்னையில புதுசா ஸ்டாம்பிங், அதுக்கு முன்னாடி அவங்க சொல்ற டாக்டர் கிட்ட மெடிக்கல், எல்லாம் முடிஞ்சு திரும்ப எவ்ளோ நாளாகும்னு யாராலயும் சொல்ல முடியாது. லீவ் போடுறதுக்கு முன்னாடி வக்கீல் கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

படிக்க வந்த பசங்க "கேஸ்தான் டிஸ்மிஸ் ஆயிடுச்சே"ன்னு விட்டுடாதீங்க. 2025ல அரசாங்கம் சுமார் 13 லட்சம் மாணவர்கள் பேரை எஃப்பிஐ டேட்டாபேஸ்ல ஓட விட்டுப் பாத்துச்சு, கிட்டத்தட்ட 6,400 பேர் பொருந்துனாங்க, ஆயிரக்கணக்கான பேரோட செவிஸ் ரெக்கார்டை (வெளிநாட்டு மாணவர்களோட ஸ்டேட்டஸைக் காட்டுற அரசாங்கப் பதிவு) நிறுத்திட்டாங்க. தள்ளுபடி ஆன கேஸ், டிராஃபிக் கேஸ் கூட அதுல மாட்டுச்சு. பல கோர்ட்ல வழக்கு போட்ட அப்புறம் ஏப்ரல் கடைசியிலதான் திரும்பக் குடுக்க ஆரம்பிச்சாங்க. எஃப்பிஐ கிட்ட இருக்குறதை வாங்கிப் பாருங்கன்னு மேல சொன்னது இதுக்குத்தான்.

கடைசியா ஒண்ணு, ரொம்பப் பேர் மாட்டுறது இதுலதான். டிஎஸ்-160யை ஏஜென்ட் இல்லன்னா ஃப்ரெண்டு ஃபில் பண்றாங்க, "அதான் எக்ஸ்பஞ்ச் ஆயிடுச்சே"ன்னு அரெஸ்ட் கேள்விக்கு நோ போட்டுடறாங்க. ஆனா விரல் ரேகை வச்சதும் அந்த அதிகாரிக்குப் பழசு தெரிஞ்சுடலாம். தள்ளுபடி ஆன அந்த அரெஸ்டுக்காக உங்களை நிறுத்தாமகூட இருந்திருப்பாங்க, ஆனா வேணும்னே பொய் சொன்னீங்கன்னு முடிவு பண்ணிட்டா வாழ்நாள் தடை, அதுக்கு வேய்வர் (விலக்கு) வாங்கிட்டு வர்றதுக்குள்ள குடும்பமே அலைஞ்சு போயிடும். யார் ஃபில் பண்ணாலும் செக்யூரிட்டி கேள்விங்க இருக்குற பக்கத்தை நீங்களே ஒவ்வொரு வரியா படிச்சுட்டு, அப்புறம் சப்மிட் பண்ணுங்க.