லாயத்திலிருந்து படைத்தலைமைக்கு: ‘மார்ஷல்’ என்னும் சொல்

சட்டப்பேரவையில் அமளி செய்யும் உறுப்பினரை வெளியேற்றும் அவைக்காவலரும் மார்ஷல், விமானப்படையின் உயர் அதிகாரியும் ஏர் மார்ஷல், சரக்கு வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ரயில்வே வளாகமும் மார்ஷலிங் யார்டு என்றால், இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பொருள் மாற்றம் நமக்குப் புதிதன்று. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தாழ்ந்ததை இழிபொருட்பேறு என்றும், கள்மயக்கத்தைக் குறித்த ‘களிப்பு’ மகிழ்ச்சியாக ஏற்றம் பெற்றதை உயர்பொருட்பேறு என்றும் படித்திருக்கிறோம். மார்ஷல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பழைய ஜெர்மானிய மொழிகளில் ‘மராஹ்’ என்றால் குதிரை. ‘ஸ்கால்க்’ என்றால் ஏவலாள். இரண்டும் சேர்ந்து குதிரை பராமரிக்கும் வேலையாளைக் குறித்தன. பிராங்கியர் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரின் சட்டத்தொகுப்பான சாலிக் சட்டம், திருடினாலோ கொன்றாலோ உரிமையாளருக்குத் தண்டம் செலுத்த வேண்டிய அடிமைகளின் வரிசையில், இரும்புக் கொல்லனோடு இவரையும் வைக்கிறது.

அங்கிருந்து ஏற்றம் எப்படி வந்தது என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. இடைக்கால ஐரோப்பாவில் போரின் முதுகெலும்பு குதிரைப்படை. எனவே அரசனின் குதிரைகளுக்குப் பொறுப்பானவர் தீவனம், தங்குமிடம், அணிவகுப்பு எனப் படிப்படியாகப் படைக்கே பொறுப்பானார். சொல்லும் பதவியோடு சேர்ந்து ஏறியது. அதன் இரு பாதிகளும் பிரெஞ்சு நாவில் கரைந்து ‘மரெஷால்’ ஆகிவிட்டதால், உள்ளே ஓர் ஏவலாள் இருப்பது யாருடைய காதிலும் விழவில்லை. தனியே நின்ற ‘ஸ்கால்க்’குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, இன்றைய ஜெர்மனில் ‘ஷால்க்’ என்றால் குறும்புக்காரன். பிரெஞ்சில் இரு நிலைகளும் அருகருகே வாழ்கின்றன: முதல் உலகப் போரின் பிரெஞ்சுப் படைத்தலைவர் ஃபோஷ் 1918இல் பெற்ற பட்டமும் மரெஷால்தான், குதிரைக்கு லாடம் அடிப்பவரும் ‘மரெஷால் ஃபெரான்’தான். கான்ஸ்டபிளின் கதை இன்னும் வேடிக்கையானது. லத்தீனில் லாயத்தின் தலைவரைக் குறித்து, பிரான்சில் மார்ஷல்களுக்கும் மேலான படைத்தலைவரின் பட்டமாக விளங்கிய அச்சொல், இங்கிலாந்து வழியாக நம் காவல் நிலையத்தின் கடைநிலைப் பதவிக்கு வந்து சேர்ந்தது.

‘ஒழுங்குபடுத்து’ என்ற வினைப்பொருளுக்குப் போர்க்களம் மட்டும் காரணமன்று. இடைக்கால இங்கிலாந்தின் பெருமாளிகை விருந்துகளில் யார் யாருக்கு மேலே, யார் யாருக்குக் கீழே அமர வேண்டும் என்று தரவரிசைப்படி உட்கார வைத்தவர் மண்டபத்து மார்ஷல். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரை எங்கே உட்கார வைப்பது என்று தவிக்கும் நம்மவருக்கு அந்த வேலையின் கடுமை புரியும். அந்த வினையே இன்று வழக்கறிஞர் சான்றுகளை அடுக்குவதற்கும், வேகன்களைத் தடம்வாரியாகக் கோப்பதற்கும், கணினி நினைவகத்திலுள்ள தரவை அனுப்பத்தக்க வடிவில் வரிசையாக்குவதற்கும் பயன்படுகிறது.

ஒலி ஒத்தால் வேரும் ஒன்றே என்று முடிவு கட்டும் பழக்கம் நம்மிடம் சற்று அதிகம். அறிவியல் உணர்வுக்கு அது சோதிடம் அளவுக்கே கேடு என்பது என் கருத்து. இராணுவச் சட்டத்தைக் குறிக்கும் ‘மார்ஷியல் லா’விலும், இராணுவ நீதிமன்றத்தைக் குறிக்கும் ‘கோர்ட் மார்ஷல்’ என்பதிலும் உள்ள சொல், போர்த்தெய்வம் மார்ஸின் பெயரிலிருந்து வந்தது. குதிரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களின் எழுத்தும் வேறு. பதவியைக் குறிக்கும்போது இறுதியில் ஒரே ‘எல்’ போதும். பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளுக்கு மட்டும் இரண்டு, ஏனெனில் அது 1788இல் அவ்வழியே சென்ற கப்பல் தலைவர் ஜான் மார்ஷலின் குடும்பப் பெயர்.