நடைச்சீட்டு கல்லின் தரத்தைச் சொல்லாது

போன மாசியில் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். ஒரு கையில் சிமெண்ட் சாக்கில் பாதி அளவுக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. இன்னொரு கையில் லோடோடு வந்த நடைச்சீட்டு, அதாவது குவாரியிலிருந்து கல்லை ஏற்றிப் போவதற்கான அனுமதிச் சீட்டு, நான்காக மடித்தபடி. "சார், இது கவர்மெண்ட் பர்மிட் உள்ள குவாரிங்க. ஆனா மேஸ்திரி இந்தக் கல்லு வேண்டாங்கறாரு" என்றார்.

சீட்டை விரித்துப் பார்த்தேன். வண்டி எண், அளவு, புறப்பட்ட நேரம், சேரும் இடம் எல்லாம் சரியாக இருந்தன. அவருடைய கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

இந்தக் குழப்பத்தை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். அனுமதி என்றால் தரம் என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் கல் குவாரிக்கான அனுமதி 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகளின்படி நடக்கிறது. புவியியல் மற்றும் சுரங்கத் துறை நிலத்தைப் பார்க்கும். ஊரிலிருந்து 300 மீட்டர் தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, வெடிமருந்து உரிமம் எல்லாம் வேண்டும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னது. இவை எல்லாமே தேவையான கட்டுப்பாடுகள்தான். குவாரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் இன்னும் கடுமையாக வேண்டும் என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இவை அனைத்தும் கல்லை எடுக்கலாமா, எவ்வளவு எடுக்கலாம், அரசுக்குப் பணம் கட்டியாயிற்றா என்பதைப் பற்றியவை. உங்கள் வீட்டுத் தூணுக்குள் போகும் கல் உறுதியானதா என்ற கேள்வியை அந்த வரிசையில் யாரும் கேட்பதில்லை.

கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்டு மணலுக்குத் தரம் பார்க்க ஓரளவு வழி உண்டு. ஆலையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்துப் பொதுப்பணித்துறை சான்று தருகிறது, அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதுகூட மாதிரி எடுத்த அன்றைக்கு இருந்த கல்லுக்குத்தான். பாறையை வெட்டிக்கொண்டே போகப் போகக் கல் மாறும். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் என்ற பாறைகள், ஊடே டைக் எனப்படும், சுவர்போல நுழைந்த கருங்கல் பட்டைகள். நல்ல உறுதியான பாறைகள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மேலே சில அடிக்கு வெயிலும் மழையும் பட்டுச் சொத்தையான அடுக்கு இருக்கும். நைஸில் மைக்கா மினுக்கும் பட்டைகள் வரும். அவற்றை ஒதுக்காமல் கிரஷரில் போட்டால் உங்கள் லோடில்தான் வந்து விழும்.

சரி, அந்தச் சாக்குக்கு வருவோம். கல்லைக் காய வைத்து, 12.5 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கி 10-ல் நிற்பதை மட்டும் எடுத்தோம். அதைக் கிண்ணத்தில் போட்டு, 14 கிலோ சுத்தியலை 380 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 15 முறை விழவிட்டோம். உடைந்ததை 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், இறங்கியது 37 சதவீதம். ஜல்லிக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383-இன்படி தளத்தின் மேற்பரப்பு போலத் தேய்மானம் படும் காங்கிரீட்டுக்கு 30-க்குள் இருக்க வேண்டும், மற்றதற்கு 45 வரை போகலாம். ஆக, தூணுக்கும் பீமுக்கும் இந்தக் கல் பாஸ். அவர் முகம் தெளிந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். அடுத்து கழுவிப் பார்த்தோம். 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூசி 4 சதவீதம் வந்தது, வரம்பு 1. கழுவிய தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி இருந்தது. கல்லைக் கையில் எடுத்துப் பிரித்தால் பாதி நீலம் பாய்ந்த நல்ல கல், மீதி பழுப்பு. பழுப்புக் கல்லின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. இந்தத் தூசி கல்மேல் ஒரு தோலாக ஒட்டிக்கொண்டு சிமெண்டைப் பிடிக்க விடாது. கலவை இறுகும், சித்தாள் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவார், பலம் அங்கேயே போய்விடும். மேஸ்திரி கல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே இதைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் தனியாகப் போன் செய்து பேசினேன்.

தூசி உடனே தெரிந்துவிடும், ஆனால் சில கோளாறுகள் வெளியே வர வருடக்கணக்காகும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1980-களிலிருந்து கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளின் அஸ்திவாரம் 15, 20 வருடம் கழித்து வலை வலையாக வெடித்தது. கல்லில் பைரோடைட் என்ற இரும்பு சல்ஃபைடு இருந்ததுதான் காரணம். தண்ணீரும் காற்றும் பட்டு அது உள்ளுக்குள்ளேயே ஊதியிருக்கிறது. நம் பக்கம் அப்படி நான் பார்த்ததில்லை, பயமுறுத்தவும் இதைச் சொல்லவில்லை. இடிந்த பிறகுதான் அங்கே குவாரிப் பாறையின் கனிமத்தைச் சோதிக்கச் சட்டம் வந்தது. இங்கே அதை முன்கூட்டியே செய்யலாம். குத்தகை கொடுக்கும்போதே பாறையின் ஆய்வறிக்கையையும், கிரஷர் வாசலில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜல்லிச் சோதனையையும் நிபந்தனையாக்கிவிட்டால் போதும். துறையில் புவியியலாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

அது வரும்வரை வீடு கட்டுபவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் லோடு இறங்குவதற்கு முன்பே பத்து இருபது கிலோ மாதிரியை ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போங்கள், ஒரு யூனிட் ஜல்லி விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை. குவியலின் மேலே மட்டும் அள்ளாமல் நாலு பக்கமும் அடியிலும் எடுங்கள். தட்டைக்கல் அதிகம் தெரிந்தால் அதையும் அளக்கச் சொல்லுங்கள். குவாரியில் பாறையைப் படிப்படியாக வெட்டுவார்கள், ஒரு படிக்குப் பெஞ்சு என்று பெயர்; கிரஷர்காரரிடம் "இப்ப எந்தப் பெஞ்சுல கல்லு எடுக்கறீங்க, மேல் அடுக்கா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் லோடு சொல்ல வேண்டாம். அப்புறம், கான்கிரீட் போடும் அன்றைக்கு அதே கலவையில் கியூப், அதாவது கனசதுர மாதிரிக் கட்டிகள், எடுத்து 7, 28 நாளில் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரர் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு குவாரியிலிருந்து வந்த கல்லில் தூசி அரை சதவீதம்கூட இல்லை. இப்போது ஒவ்வொரு லோடிலிருந்தும் ஐந்து கிலோ எடுத்துச் சாக்கில் கட்டி, தேதியும் நடைச்சீட்டு எண்ணும் எழுதி மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கி வைக்கிறார். போன வாரம் போயிருந்தபோது ஒன்பது சாக்கு இருந்தது.