தர முகாமைத்துவம்: ஒரு சொல் விளக்கம்

"அக்கா, போன தரம் வாங்கின தூள் நல்லா இருந்தது. இந்தத் தரம் கைக்குது."

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டோடு சேர்த்து கறித்தூள் செய்து விற்கும் ஓர் அக்காவிடம் வாடிக்கையாளர் ஒருவர் இப்படிச் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். 'குவாலிட்டி மனேஜ்மென்ட்' என்பதற்கு நாங்கள் சொல்வது தர முகாமைத்துவம். அதில் குவாலிட்டிக்கு ஈடான 'தரம்' என்ற சொல்லை விளக்க வேண்டும் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பேச்சுத்தான்.

அவர் வாயில் 'தரம்' என்றால் தடவை. பள்ளிக்கூடத்தில் 'தரம் 5' என்றால் வகுப்பு. கடையில் 'முதல்தரம்' என்றால் மேலான வகை. சோழர் காலத்தில் வரி விதிப்பதற்காக நிலத்தைப் படிகளாகப் பிரித்தார்கள். கல்வெட்டுகளில் அந்தப் படிக்கும் தரம் என்றுதான் பெயர், அப்படிப் பிரிக்கப்படாத நிலம் 'தரமிலி'. ஆக, தரம் என்றாலே உயர்ந்தது என்று பொருள் இல்லை. அது ஓர் அளவுப் படி. 'குவாலிட்டிச் சாமான்' என்று விலை கூடியதைச் சொல்கிற பழக்கத்தால் நாங்கள் இதை மறந்துவிட்டோம்.

குவாலிட்டி என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'குவாலிஸ்' என்றால் 'எத்தகையது'. அதிலிருந்து 'குவாலிட்டாஸ்' என்ற சொல்லை, கிரேக்க மெய்யியற் சொல் ஒன்றுக்கு ஈடாக, ரோமப் பேச்சாளர் சிசரோ ஆக்கினார். வேரை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் 'தன்மை', 'பண்பு' என்றுதான் வரும். ஆனால் தொழிலுக்கு அது போதாது. தர முகாமைக்கான சர்வதேச நியமங்களாக 1987இல் முதலில் வெளிவந்த ஐஎஸ்ஓ 9000 வரிசை இன்று தரும் வரைவிலக்கணத்தைச் சுருக்கினால், ஒரு பொருளுக்கு உள்ள பண்புகள் தேவையை எந்த அளவுக்கு நிறைவேற்றுகின்றன என்பதே குவாலிட்டி. அந்த 'எந்த அளவுக்கு' என்பதைச் சுமக்கக்கூடிய சொல் தரம். பொருத்தமான தேர்வு என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது 'முகாமைத்துவம்'. தமிழ்நாட்டில் 'மேலாண்மை' என்பதற்கு இலங்கையில் நாங்கள் வைத்திருக்கும் சொல் இது. '-த்துவம்' வடமொழி ஈறு; அது இல்லாமலே 'முகாமை' நிற்கும். 'தர முகாமை' என்று எழுதினால் போதும், சொல்லவும் இலகு.

இன்னும் ஒரு சொல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: 'ஸ்டாண்டர்ட்' என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் 'கட்டளை'. பொருள்களுக்கு எஸ்எல்எஸ் என்ற தரச் சான்று முத்திரை வழங்கும் அரச நிறுவனத்தின் பெயர் தமிழில் 'இலங்கை கட்டளைகள் நிறுவனம்'. படிக்கிறவர்கள் உத்தரவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 505ஆம் குறளில் 'கருமமே கட்டளைக் கல்' என்று வருகிறதே, அங்கே கட்டளைக்கல் பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். தொழிலில் கட்டளை என்பதையும் அப்படித்தான் விளங்க வேண்டும். மேலே இருந்து வரும் ஆணை என்று நினைத்தால் ஆவணக் கோப்பு ஒன்றைத் தயாரித்து அலுமாரியில் பூட்டிவிடுவோம். உரைகல் என்று நினைத்தால் தினமும் கையில் எடுப்போம். சிறிய தொழில்களில் தர முகாமை நிலைப்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இலங்கையின் கொள்கை வரையறைப்படி உற்பத்தித் துறையில் 11 முதல் 50 பேர் வரை வேலை செய்தால் சிறிய முயற்சி, 51 முதல் 300 வரை நடுத்தர முயற்சி. அந்த அக்காவின் தொழில் அதற்கும் கீழே, ஐந்து பேர்தான். அதனால் தரத்துக்கென்று தனி அலுவலர் கிடையாது. முதலாளி கவனிக்காவிட்டால் வேறு யாரும் கவனிக்கப்போவதில்லை. அதேநேரம் முதலாளியின் கையிலேயே எல்லாம் இருப்பதும் ஆபத்து. நாங்கள் அதைக் 'கைப்பக்குவம்' என்று பெருமையாகச் சொல்கிறோம். அக்கா காய்ச்சலில் படுத்த அன்று வேறொரு பிள்ளை வறுத்தாள். வெந்தயம் கருகியது, தூள் கைத்தது.

அவர் அந்தப் பிள்ளையை ஏசவில்லை. "பிள்ளை, உனக்குச் சொல்லித் தராதது என்ரை பிழை" என்றார். அப்புறம் ஒரு கொப்பி போட்டார். செத்தல் மிளகாய் எந்தக் கடையில் வந்தது, வெயிலில் காய்ந்த பின் எத்தனை கிலோ, அன்று வறுத்தது யார் என்று எழுதுகிறார்கள். வெந்தயத்தை நிறுத்தெடுத்து, தனியாக வறுத்து, பொன்னிறம் வந்ததும் இறக்க வேண்டும் என்று அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுதியது அந்தப் பிள்ளைதான், தன் சொல்லிலேயே. பிழை கண்டால் யாரும் வேலையை நிறுத்தலாம். புகார் சொன்னவருக்கு வேறு பைக்கற் கொடுத்து, புகாரையும் கொப்பியில் ஏற்றினார்கள். இவ்வளவும் செய்ய ஆலோசகர் யாரும் வரவில்லை.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்போம். மாதிரி எடுத்துப் பார்ப்பதற்கு இது நல்ல சொல்தான். ஆனால் அது சரிவருவது பானை முழுக்க ஒரே சீராகக் கொதிக்கும்போது. நாலு தாச்சியில் வறுத்த தூளுக்கு ஒரு தாச்சியின் பதம் போதாது. அக்கா ஒவ்வொரு தாச்சியிலும் எடுத்து நாக்கில் வைக்கிறார்.

அவருடைய இறாக்கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. சரியாக வந்த தூளில் கொஞ்சம் அதில். பைக்கற்றில் அடைக்க முன்னர் புதுத் தூளை வெள்ளைத் தாளில் கொட்டி, போத்தல் தூளைப் பக்கத்தில் வைத்து, முற்றத்து வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறார்கள். பழைய தூள் மங்கிவிடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போத்தலில் புதுசு மாற்றுகிறார்.