காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது

பாலக்கோடு பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்திருந்தார். பேசும்போதெல்லாம் துப்பட்டாவால் வாயை மறைக்கிறாள். மேல்வரிசை முன்பற்களில் வெள்ளைக் கோடுகள், நடுவே பழுப்புப் பட்டை. ஈறு புண்ணாகி இரத்தம் கசிகிறது. கறை போகட்டும் என்று செங்கல் தூளும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். "பல்லே ஒழுங்கா தேய்க்க மாட்டேங்கறா டாக்டர்" என்கிறார் அம்மா.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் மீது இந்தப் பழியைப் போடுவதை நிறுத்துங்கள். பல் ஈறுக்குள்ளே உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரில் கரைந்திருந்த ஃப்ளோரைடு என்ற உப்பு செய்த வேலை இது. இடப்பக்கப் பல்லில் பட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ, வலப்பக்க ஜோடிப் பல்லிலும் அநேகமாக அதே உயரத்தில் இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் உருவானவை. செங்கல் தூளால் பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் தேயும்.

அடுத்து வரும் பதில்: "காய்ச்சித்தானே குடிக்கிறோம்?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காய்ச்சினால் கிருமி சாகும், நல்லதுதான். ஃப்ளோரைடு கிருமி இல்லை, ஆவியாகிப் போவதும் இல்லை. ரசம் சுண்டினால் உப்பு கூடுமா, குறையுமா? இரண்டு லிட்டரை ஒன்றரை லிட்டராகச் சுண்டவிட்டால், மிஞ்சும் தண்ணீரில் ஃப்ளோரைடின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். துணியில் வடிகட்டினாலும் போகாது. கேண்டில் ஃபில்டர், யூவி ஃபில்டர் எதிலும் போகாது. ஆர்.ஓ. குறைக்கும், அதுவும் உள்ளே இருக்கும் மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வை நேரத்துக்கு மாற்றினால். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள், ஃப்ளோரைடுக்கு நிறமும் வாசனையும் கிடையாது.

குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. நம் பாறைப் பூமியில் போர் தண்ணீர் அதைத் தாண்டுவது சகஜம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கியும் வைத்தார்கள். அந்தத் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம். அதில் துணி துவைத்துவிட்டு, போர் தண்ணீரில் உலை வைக்கிறார்கள்! கெஞ்சிக் கேட்கிறேன், மாற்றிச் செய்யுங்கள். பால் பவுடர் கரைக்க, கஞ்சி காய்ச்ச, சோறாக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர். குழாய் வராத நாளுக்கும் சேர்த்துப் பிடித்து மூடி வையுங்கள்.

ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் சேரும். கழுத்தும் முதுகும் இறுகிப்போனவர்கள் வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். சுண்ணாம்புச்சத்து குறைந்த உடம்பில் பாதிப்பு இன்னும் அதிகம். பிள்ளைக்குக் கேழ்வரகுக் களியும் பாலும் கொடுங்கள். டீயைக் கொடுத்துப் பழக்காதீர்கள், தேயிலையிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது.

வந்த கறைக்கு வைத்தியம் உண்டு. லேசானதை நாங்களே பாலிஷ் செய்து குறைப்போம், ஆழமானதைப் பல் நிற ஃபில்லிங்கால் மூடலாம். வீட்டில் எதையும் போட்டுச் சுரண்டாமல் வாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, ஃப்ளோரைடு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இந்த வாரமே.