ஓப்பிடம்: மலைக்கோட்டை என்று எழுதினால் சரியா?

ஜெர்மனியிலோ பிரான்சிலோ செக் நாட்டிலோ காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் வழிகாட்டிப் பலகைகளில் அடிக்கடி பார்க்கும் சொல் ஓப்பிடம். பன்மை ஓப்பிடா. லத்தீன் சொல். ரோமானியர்கள் வருவதற்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவியிருந்த கெல்ட் மக்களின் அரண்சூழ்ந்த பழைய குடியிருப்புகளைத் தொல்லியலாளர்கள் இந்தப் பெயரால் குறிக்கிறார்கள். தமிழில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் 'கெல்டிக் மலைக்கோட்டை' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். படிக்கிறவருக்கு உடனே திருச்சியும் செஞ்சியும் கண்ணில் வரும்: படிக்கட்டு, கொத்தளம், மேலே ஒரு மண்டபம். அந்த நினைப்போடு போய் நின்றால், எதிரே இருப்பது பாசி படிந்த கற்குவியல். "கோட்டை எங்கே?" என்று கேட்கத்தான் தோன்றும்.

ஓர் இடத்தை வைத்தே பார்ப்போம். ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில், ஹுன்ஸ்ருக் மலைத்தொடரில், ஓட்சன்ஹவுசன் என்ற ஊருக்கு மேலே டோல்பர்க் என்றொரு மலை. அதிலிருந்து நீண்டு இறங்கும் முகட்டில் ஒரு கெல்டிக் அரண் இருக்கிறது. 2015-இல் அமைந்த ஹுன்ஸ்ருக்-ஹோஹ்வால்ட் தேசியப் பூங்காப் பகுதி இது. பீச் மரக்காட்டு வழியாக, நோன்வைலர் நீர்த்தேக்கத்தின் பக்கம் போய், பழைய இரும்புப் பட்டறை ஒன்றின் இடிபாட்டையும் தொட்டுக்கொண்டு, அரண் மேல் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதை உண்டு. சாவகாசமாக நடந்தால் அரைநாள் வேலை.

மரங்களுக்கு நடுவே நடந்து போகும்போது திடீரென்று சாம்பல் நிறத்தில் ஒரு கல்மேடு வழியை மறிக்கும். வடக்குப் பக்கத்தில் அதன் உயரம் சுமார் 10 மீட்டர், அடியில் அகலம் சுமார் 40 மீட்டர். எல்லாம் குவார்ட்சைட் கற்கள். சாந்து கிடையாது, செதுக்கிய முகம் கிடையாது. சுவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு வரிசைகூட இல்லை. கொட்டிவைத்த ஜல்லி மாதிரி கிடக்கும். மேட்டைத் தாண்டி உள்ளே போனால் சுமார் 18 ஹெக்டேர், அதாவது 45 ஏக்கர் அளவுக்கு மரங்கள் நிற்கும் சரிவான நிலம். உள்ளேயே ஓர் ஊற்று. அவ்வளவுதான் 'கோட்டை'.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஓப்பிடம் எங்கிருந்து வந்தது என்பதில் ரோமானியர்களுக்கே ஆளுக்கொரு கருத்து. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாரோ, உதவி, வலிமை என்று பொருள்படும் 'ஓப்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்ததாக எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் பலர் 'ஓப்' என்ற முன்னொட்டையும், காலடி, காலடி படும் நிலம் என்ற பொருளுள்ள 'பெத்' வேரையும் காட்டுகிறார்கள். அடைத்துக் காத்த நிலம் என்பதுபோல ஒரு பொருள் கிடைக்கும். (ஒப்பு + இடம் என்று பிரித்து இது தமிழ்ச்சொல்லே என்று யாராவது கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

ரோமானியர்கள் தங்கள் சொந்தச் சிறு நகரங்களையும் ஓப்பிடம் என்றுதான் சொன்னார்கள். கெல்ட் ஊர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஜூலியஸ் சீசர். கி.மு. 58-இல் தொடங்கிய கால் நாட்டுப் (லத்தீனில் காலியா; இன்றைய பிரான்சும் அதன் சுற்றுப்புறமும்) போர் பற்றிய தன் குறிப்புகளில், மதில் சூழ்ந்த பெரிய ஊர்களை எல்லாம் அவர் ஓப்பிடம் என்றே எழுதினார். பிப்ராக்டே, கெர்கோவியா, அலேசியா என்று மலைமேல் இருந்தவையும் உண்டு. சதுப்பு நிலத்துக்கு நடுவே இருந்த அவாரிக்கமும் உண்டு. ஆகவே மலை என்பது இந்தச் சொல்லின் பொருளில் கட்டாயம் கிடையாது. இன்றைய பவேரியாவில் உள்ள மாங்கிங் சுமார் 380 ஹெக்டேர் பரப்புள்ள பெரிய ஓப்பிடம். அது சமவெளியில் கிடக்கிறது. அதை மலைக்கோட்டை என்றால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

சீசர் இன்னோர் இடத்தில் சொல்வது இதைவிடச் சுவையானது. நுழைய முடியாத அடர்ந்த காட்டை மண்மேடும் அகழியும் போட்டு அடைத்துவிட்டால், பிரிட்டானியர்கள் அதையே ஓப்பிடம் என்கிறார்கள் என்று எழுதுகிறார். வீடு, கடைத்தெரு எதையும் பற்றிப் பேச்சில்லை. காடு, மேடு, அகழி, உள்ளே ஒதுங்க இடம். இது போதும்.

தொல்லியலாளர்கள் பின்னாளில் இந்தச் சொல்லை இறுக்கிப் பிடித்தார்கள். கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், மதில் வேண்டும், உள்ளே கைத்தொழிலும் வணிகமும் நடந்த தடயம் வேண்டும், பரப்பு இத்தனை ஹெக்டேருக்குக் குறையக்கூடாது என்று. அந்த 'இத்தனை' எத்தனை என்பதில் மட்டும் ஒத்துப்போக மாட்டார்கள்: சிலருக்கு 15, சிலருக்கு 30. முதல் கணக்கில் ஓட்சன்ஹவுசன் ஓப்பிடம். இரண்டாவது கணக்கில் வெறும் மலையரண்.

சரி, கெல்ட் மக்கள் தங்கள் ஊரை என்னவென்று சொன்னார்கள்? அவர்கள் வாயில் வழங்கியது 'தூனோன்'. ஐரோப்பிய வரைபடம் முழுக்க அது ஒட்டிக்கிடக்கிறது. லியோன் நகரின் பழைய பெயர் லுக்துனும். இங்கிலாந்தின் கோல்செஸ்டர் அன்று காமுலோதுனும். பிரான்சின் வெர்தன் அன்று விரோதுனும். நமக்குப் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, செங்கோட்டை என்று ஊர்ப்பெயரின் வாலில் கோட்டை நிற்பதைப் போல அவர்களுக்குத் துனும். ஜெர்மானிய மொழிகள் இந்தச் சொல்லைக் கெல்ட் மொழியிலிருந்து வாங்கி ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டன. ஜெர்மனில் அது வேலி ஆயிற்று, டச்சு மொழியில் தோட்டம், ஆங்கிலத்தில் டவுன். வேலி எப்படி ஊராகும் என்று திருநெல்வேலிக்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஓட்சன்ஹவுசன் அரணுக்கு உள்ளூரில் ஹுன்னென்ரிங் என்று பெயர். நேராகப் படித்தால் 'ஹூணர் வளையம்'. ஹூணர்களுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மதில் எழத் தொடங்கியது கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டு வாக்கில்; கி.மு. முதல் நூற்றாண்டில் அதைப் பெரிதாக்கினார்கள். ஹூணர் தலைவன் அட்டிலா வந்ததோ கி.பி. 5-ஆம் நூற்றாண்டில். இடைக்கால ஜெர்மனில் ஹூணனுக்கும் அரக்கனுக்கும் ஒரே சொல்தான். இவ்வளவு கல்லை மனிதன் தூக்கியிருக்க முடியாது, அரக்கர் வேலையாகத்தான் இருக்கும் என்று ஊரார் முடிவுகட்டிய பெயர் இது. நம் ஊர்ப் பெருங்கற்காலக் கல்லறைகளைப் பாண்டவர் குழி என்பதும் அதே மனப்போக்குதான். ஆகவே ஹுன்னென்ரிங்கைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'அரக்கர் வளையம்' என்பது 'ஹூணர் வளைய'த்தைவிடப் பொருளுக்கு நெருக்கம்.

உண்மையில் கட்டியவர்கள் திரெவெரி என்னும் கெல்டிக் குடியினர். ட்ரியர் நகரம் இன்றும் அவர்கள் பெயரைத்தான் சுமக்கிறது. கால் நாட்டிலேயே குதிரைப்படையில் வலிமை மிக்கவர்கள் இவர்கள் என்று சீசர் எழுதியிருக்கிறார். ரோமோடு ஒத்துப்போகலாம் என்று சிங்கெட்டோரிக்ஸ் ஒரு பக்கம், எதிர்த்து நிற்போம் என்று இந்துதியோமாருஸ் ஒரு பக்கம், குடிக்குள்ளேயே பிளவு. எதிர்த்தவர் ரோமானியக் குதிரைவீரர்களின் கையில் மடிந்தார். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் அரண் ஆளில்லாமல் போயிற்று. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில், ஹெர்மஸ்கைல் அருகே, சீசர் காலத்து ரோமானியப் படைமுகாம் ஒன்றை மைன்ஸ் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்து 2012-இல் அறிவித்தார்கள். முகாம் வாயிலில் பாவியிருந்த கற்களின் இடுக்குகளில் சிறுசிறு இரும்பு ஆணிகள் கிடந்தன. ரோமானியப் படைவீரர்களின் செருப்படியிலிருந்து கழன்று விழுந்தவை.

மதில் ஏன் இப்படிக் குவியலாகிப் போனது? விடை அதன் கட்டுமானத்தில் இருக்கிறது. இவ்வகை மதிலுக்கு லத்தீனில் முருஸ் காலிகுஸ், அதாவது காலியர் மதில் என்று பெயர். கி.மு. 52-இல் அவாரிக்கத்தை முற்றுகையிட்டபோது பார்த்ததைச் சீசர் விளக்கமாக எழுதுகிறார். நீண்ட மரக்கட்டைகளை இரண்டடி இடைவெளி விட்டுத் தரையில் கிடத்துவார்கள். உட்புறம் அவற்றைப் பிணைத்து மண் நிரப்புவார்கள். முகப்பில் கட்டைகளுக்கு நடுவே பெருங்கற்களை அடுக்குவார்கள். அதன்மேல் இன்னொரு வரிசை. கட்டைமேல் கட்டை வராமல் மாற்றி மாற்றி. இப்படியே உயரம் வரும்வரை. கல் இருப்பதால் தீ பிடிக்காது, மரச்சட்டம் பிடித்து நிறுத்துவதால் இடிகட்டைக்கு அசையாது என்று எதிரியின் வேலையை மெச்சுகிறார். பிப்ராக்டேயில் கட்டைகள் கூடும் இடங்களில் நீளமான இரும்பாணி அடித்திருந்தார்கள். கட்டை இருக்கும்வரை நிமிர்ந்து நின்ற சுவர், கட்டை உளுத்துப் போனதும் இரண்டு பக்கமும் சரிந்து மேடாகிவிட்டது. ஓட்சன்ஹவுசனில் நாம் ஏறி நிற்பதும் மரமும் கல்லுமாக எழுந்து, மரம் மட்டும் மக்கிப்போன மதில். முருஸ் காலிகுஸைத் தமிழில் 'மரச்சட்டக் கல்மதில்' என்று சொன்னால் புரியும். காலிய மதில் என்று எழுதினால் படிப்பவர் 'காலி மனை' போல ஏதோ நினைத்துக்கொள்வார்.

இனி ஓப்பிடத்துக்குத் தமிழ். கோட்டை என்ற சொல்லின் மேல் எனக்குப் பகை இல்லை. வளைவு என்றும் மலைமுகடு என்றும் பொருள் உள்ள 'கோடு' என்ற சொல்லோடு அதைத் தொடர்புபடுத்தும் சொல்லாய்வாளர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் பொருத்தமாகக்கூட இருக்கும். ஆனால் இன்றைய வழக்கில் கோட்டை என்றால் அரசன், கொத்தளம், பீரங்கி. 'குறும்பு' என்று சங்க காலச் சொல் ஒன்று உண்டு: காட்டிலும் மலையிலும் குறுநிலத் தலைவர்கள் வைத்திருந்த சிற்றரண். பொருள் கச்சிதம். ஆனால் 'கெல்ட் மக்களின் குறும்பு' என்று இன்று எழுதிப் பாருங்கள், என்ன நினைப்பார்கள் என்று.

எனக்குச் சரியாகப் படுவது அரண். கட்டிய சுவரை மட்டும் குறிக்காமல், காத்துக்கொடுக்கும் நிலம் முழுவதையும் அது குறிக்கும். வள்ளுவர் கணக்கில் மதில் பிறகுதான் வருகிறது. முதலில் 'மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடையது அரண்'. உரைகாரர்கள் இதைப் பிரித்துச் சொன்னதில் கிடைத்ததுதான் மலையரண் என்ற சொல்லும். டோல்பர்க்கில் மலை உண்டு, காடு உண்டு, உள்ளே ஊற்றும் உண்டு.

இன்னும் நெருக்கமாகப் பொருந்துவது அதற்கு இரண்டு குறள் தள்ளி வருவது: 'சிறுகாப்பிற் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்ப தரண்.' காவல் வைக்க வேண்டிய இடம் சிறியதாக, உள்ளே இடம் பெரியதாக இருக்க வேண்டும் என்கிறார். ஓட்சன்ஹவுசனில் முகட்டின் இரு பக்கமும் செங்குத்துச் சரிவு. மதில் சுற்றிலும் இருந்தாலும் அங்கே அது சிறியது. சரிவே பாதிக் காவல். மலையோடு ஒட்டிச் சமமாக வரும் வடக்குப் பக்கம் மட்டும்தான் எதிரிக்கு எளிது. 40 மீட்டர் அகலத்துக்குக் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டியது அந்த ஒரு பக்கத்தில்தான். திரெவெரி குடியினர் குறள் படிக்கவில்லை. மலைமேல் ஊரைக் காக்க நினைத்த எவரும் செய்யும் கணக்கு இது.

ஆகவே என் பரிந்துரை: மலைமேல் இருக்கும் கெல்டிக் அரண்களுக்கு, ஆங்கிலத்தில் ஹில்ஃபோர்ட் எனப்படுவதற்கு, மலையரண். ஓப்பிடம் என்ற கலைச்சொல்லுக்கு அரணூர். ஊர் என்பது உள்ளே ஆட்கள் குடியிருந்ததையும் தொழில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடும். மாங்கிங் போன்ற சமவெளி ஓப்பிடத்துக்கும் இடிக்காது. முதல்முறை வரும்போது 'ஓப்பிடம் என்னும் அரணூர்' என்று எழுதிவிட்டுப் பிறகு அரணூர் என்றே போகலாம். ஜெர்மன் பலகைகளில் வரும் ரிங்வால் என்பதற்கு வளைமதில். வட்டமதில் வேண்டாம், ஓட்சன்ஹவுசனில் அது ஏறக்குறைய முக்கோணம்.

இங்கிலாந்தின் டோர்செட்டில் உள்ள மெய்டன் காசில் என்ற மலையரணுக்கும் இதே சொல்தான். 1934 முதல் 1937 வரை அதைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர்தான் 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் தோண்டினார்.

கடைசியாக அந்த நடைப்பாதை. ஜெர்மனில் ருண்ட்வெக். கிரிவலம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வலம் என்றால் மலையை வலப்பக்கம் வைத்தே சுற்ற வேண்டும், அதில் வழிபாடும் உண்டு. இந்தப் பாதையில் எந்தப் பக்கமாகவும் நடக்கலாம், வழியில் உட்கார்ந்து ரொட்டி தின்னலாம், கால் வலித்தால் குறுக்கு வழியில் இறங்கிவிடலாம். சுற்றுப்பாதை என்பதே போதும்.