எட்டுப் பவுண் ஒப்பந்தம் ஒன்பதரைப் பவுண் ஆகும் ஏப்ரல் மாதம்

வடமேற்கு லண்டனில் நான் பணியாற்றும் ஆலோசனை நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் கடன், வாடகை, அரச உதவித்தொகை பற்றிய கேள்விகளே அதிகம் வரும். ஏப்ரல் இறுதியில் மட்டும், கைத்தொலைபேசிப் பில்லோடு வருகிறவர்களின் தொகை கூடிவிடும். 2025இல் அப்படி வந்த ஓர் அம்மா பில்லை மேசையில் விரித்து, சிவப்புப் பேனையால் தாம் வட்டமிட்டிருந்த இடத்தைக் காட்டி, "தம்பி, நான் ஒண்டும் கூட்டிக் கேக்கேல்லை. பிறகேன் காசு கூடியிருக்கு?" என்றார். பெப்ரவரித் தொடக்கத்தில், கடையொன்றில் மாதம் 8 பவுணுக்கு அவர் எடுத்த 24 மாத சிம் ஒப்பந்தம், இரண்டே மாதங்களில் 9 பவுண் 50 பென்ஸ் ஆகியிருந்தது.

அவருடைய மின்னஞ்சலைத் திறந்து ஒப்பந்தச் சுருக்கத்தைத் தேடி எடுத்தோம். ஒவ்வோர் ஏப்ரலிலும் மாதக் கட்டணம் 1 பவுண் 50 பென்ஸ் கூடும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. கடையில் அவர் பார்த்ததோ பெரிய எழுத்திலிருந்த எட்டை மட்டும்தான். அந்த மேசையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம்: முதல் இரண்டு மாதம் எட்டுப் பவுண், அடுத்த பன்னிரண்டு மாதம் ஒன்பதரை, மிச்சமிருக்கும் பத்து மாதம் பதினொன்று. மொத்தம் 240 பவுண். எட்டை இருபத்துநான்கால் பெருக்கினால் 192தான் வரும். சட்டப்படி இதில் பிழை எதுவும் இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்துவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

இந்த நடைமுறை இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒப்பந்தக் காலத்தின் நடுவே எதிர்பாராமல் விலை ஏற்றப்பட்டால் வாடிக்கையாளர் அபராதமின்றி விலகலாம் என்று, பிரித்தானியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம் 2014 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டல் கூறியது. அதன்பின் நிறுவனங்கள் விலையேற்றத்தை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிவைக்கத் தொடங்கின. முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிட்டால் அது எதிர்பாராத ஏற்றம் ஆகாதல்லவா! பணவீக்க வீதத்தோடு 3.9 சதவீதத்தைக் கூட்டி ஆண்டுதோறும் கட்டணத்தை ஏற்றும் சூத்திரம் பின்னர் பரவலாகியது. பணவீக்கம் தாழ்ந்திருந்த காலத்தில் அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 10.5 சதவீதத்தில் நின்றது. அதனால் 2023 வசந்த காலத்தில் பல நிறுவனங்களின் கட்டணம் 14.4 சதவீதம் ஏறியது. பணவீக்கத்தைப் பொதுவாகக் கூடுதலாகக் காட்டும் சில்லறை விலைச் சுட்டெண் என்ற வேறோர் அளவையைப் பயன்படுத்திய ஓ2 நிறுவனத்தில் அது 17.3 சதவீதம் வரை போனது.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகு ஒஃப்கொம் விதியை மாற்றியது. 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில் பணவீக்கத்தையோ சதவீதத்தையோ காட்டி விலையேற்ற முடியாது. எவ்வளவு கூடும் என்பதைப் பவுண், பென்ஸ் கணக்கிலும், எப்போது கூடும் என்பதையும், ஒப்பந்தம் செய்யும் முன்னரே சொல்லியாக வேண்டும். இது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை; இரண்டு ஆண்டுகளில் பணவீக்கம் எங்கே நிற்கும் என்று பொருளாதார நிபுணர்களாலேயே சொல்ல முடியாதபோது, அதைக் கடைக்கு வரும் மூதாட்டி ஊகித்திருக்க வேண்டும் என்பது நியாயமே அல்ல. ஆனால் இந்த மாற்றத்தின் இன்னொரு பக்கத்தை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். 30 பவுண் கட்டுகிறவருக்கு ஒன்றரைப் பவுண் என்பது 5 சதவீதம்; 8 பவுண் கட்டுகிறவருக்கு அது 18.75 சதவீதம். சதவீதத்தில் ஏற்றினால் பெரிய பில்காரருக்கே தொகை கூடுதலாக ஏறும். எல்லாருக்கும் ஒரே தொகை என்றால், மலிவான சிம்மைத் தேடி எடுத்தவரே விகிதப்படி அதிகம் கொடுக்கிறார். எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த மலிவுச் சிம்காரர்கள்தாம்.

எழுதப்பட்ட தொகையே ஏறினால் அபராதமின்றி விலக வழியில்லை. எழுதியதற்கு மேல் ஏற்றினால் கதை வேறு. 2025 அக்டோபரில் ஓ2 நிறுவனம், ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு 2026 ஏப்ரலில் கூடவிருந்த 1 பவுண் 80 பென்ஸை 2 பவுண் 50 பென்ஸ் ஆக்குவதாக அறிவித்தது. ஒஃப்கொம் இதையிட்டு வெளிப்படையாகவே ஏமாற்றம் தெரிவித்தது. ஆயினும் வாடிக்கையாளருக்கு அறிவித்து, அபராதமின்றி விலக 30 நாள் அவகாசம் கொடுத்தால் அதற்கு விதி இடம் கொடுக்கிறது. விலகுகிறவர் தவணையில் வாங்கிய போனின் மிச்சக் காசை மட்டும் கட்டியாக வேண்டும். ஆகவே விலை பற்றிய கடிதமோ மின்னஞ்சலோ வந்தால், அதிலுள்ள தொகையை ஒப்பந்தச் சுருக்கத்திலுள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், அந்த 30 நாள் கழிவதற்குள் முடிவெடுங்கள். விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்ட மின்னஞ்சலோடு நாற்பதாவது நாளில் வருகிறவருக்கு என்னால் அதிகம் உதவ முடிவதில்லை.

போனும் சிம்மும் சேர்த்து எடுத்தவர்களில் பலருக்கு இரண்டு ஒப்பந்தங்கள் இருப்பதே தெரியாது. போனுக்கான தவணை ஒரு கடன் உடன்படிக்கை; அது பொதுவாக ஏறாது. பேச்சு, டேட்டா ஆகியவற்றுக்கான பகுதிதான் ஏப்ரலில் ஏறும். இணையத்திலோ தொலைபேசியிலோ எடுத்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் இரத்துச் செய்யலாம். கடைக்குப் போய்க் கையொப்பமிட்டால் அந்த உரிமை சட்டப்படி கிடையாது. அந்த அம்மா கடையில்தான் எடுத்திருந்தார். எங்கள் ஆட்களுக்குக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கினால்தான் திருப்தி. அந்தப் பழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் கேட்கும்போது, "முதல் விலையேற்றம் எந்த மாதம், கடைசி மாதத்தில் நான் எவ்வளவு கட்டுவேன்?" என்றும் கேளுங்கள்.

நீங்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரியாவிட்டால், இன்ஃபோ என்ற ஆங்கிலச் சொல்லை 85075 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். இடையில் விலகினால் ஏதாவது கட்ட வேண்டியிருக்குமா என்பது பதிலில் வரும். எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக, பீ, ஏ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்கு அனுப்பினால் 30 நாளுக்குச் செல்லுபடியாகும் குறியீடு கிடைக்கும். போன் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள், குறிப்பாக வருமானம் குறைந்தவர்கள், 24 மாதத்துக்குக் கட்டுப்படாமல் 30 நாள் சிம்மை எடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். அதன் விலையும் ஏறலாம். ஏறினால் அந்த மாதத்தோடு விட்டுவிடலாம்.

அந்த அம்மாவின் எண்ணிலிருந்தும் 85075க்கு அனுப்பிப் பார்த்தோம். விலகுவதற்குக் கேட்ட தொகை, தொடர்ந்து கட்டுவதை விட இலாபமாக இல்லை. ஒப்பந்தம் முடிய 10 முதல் 40 நாள் இருக்கையில் நிறுவனம் அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, 2027 ஜனவரி என்று எழுதி, அதே சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக்கொண்டு போனார்.